வரைபடத்தை அழகாகக் கீறுகிறார்கள், பந்தி எழுத வரவில்லை

வட்டங்களில் சொற்களை எழுதிக் கோடுகளால் இணைக்கும் உங்கள் வகுப்பு வரைபடத்தில், கோடுகளின் மேல் ஒன்றும் எழுதப்படவில்லை, பிரச்சினை அங்கேதான். தரம் 7 பிள்ளைகள் நடுவில் 'மட்டக்களப்பு வாவி', சுற்றிவர 'முகத்துவாரம்', 'கண்டல்', 'இறால்' என்று கரும்பலகையில் இருந்ததை அச்சொட்டாகக் கீறிவிட்டு, பந்தி எழுதச் சொன்னால் பேனையைக் கடிக்கிறார்கள் என்கிறீர்கள். கடிக்கத்தானே செய்வார்கள்? கையில் இருப்பதெல்லாம் பெயர்கள், வினைச்சொல் ஒன்றுகூட இல்லை.

வாவிக்கும் முகத்துவாரத்துக்கும் இடையிலான கோட்டில் 'கடலோடு சேர்கிறது' என்று எழுதுங்கள். கண்டலுக்கும் இறாலுக்கும் இடையில் 'வேரிடையே ஒதுங்கி வளர்கிறது'. தமிழில் வினை கடைசியில் வருவதால், இரண்டு வட்டங்களையும் சொல்லிவிட்டுக் கோட்டுக்கு வரப் பழக்குங்கள்: "வாவி முகத்துவாரத்தில் கடலோடு சேர்கிறது." 1972இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கல்வி ஆய்வாளர் ஜோசப் நோவாக்கின் குழு உருவாக்கிய கருத்து வரைபடத்திலும் இந்த இணைப்புச் சொற்கள்தான் உயிர்.

நாளைக்கே ஒன்று செய்து பாருங்கள். ஒரு பிள்ளையின் கொப்பியில் ஏதாவது ஒரு கோட்டில் விரலை வைத்து, அதை முழு வசனமாகச் சொல்லச் சொல்லுங்கள். வாயால் வந்தால் எழுத்திலும் வரும். வராவிட்டால், அடுத்த முறை படத்தை முழுதாகக் கீறிக் கொடுக்காதீர்கள். பாதிக் கோடுகளை வெறுமையாக விட்டு, இரண்டிரண்டு பேராக நிரப்பட்டும். வகுப்பு கொஞ்சம் இரையும், பரவாயில்லை.

ஒன்று மட்டும் கவனம், எல்லாப் பாடத்துக்கும் இது சரிவராது. விதைப்பிலிருந்து சூடடிப்பு வரை வயல் வேலைகளை வரிசையாகச் சொல்ல அம்புக்குறி போட்ட பாய்ச்சற் கோட்டுப்படமே நல்லது. வாவியையும் கடலையும் ஒப்பிடுவதென்றால், ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்களில் ஒற்றுமை வேற்றுமைகளை எழுதும் வென்வரிப்படம்.