பழைய குளியலறையைப் புதுப்பிக்கும்போது எந்த டிராப் வாங்குவது?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டைக் கட்டி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. வயதான அம்மாவுக்காக மாடிக் குளியலறையை மாற்றி அமைக்கிறோம். மேடை மேல் இருக்கும் இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் கமோடு வைக்க எண்ணம். கோடை வந்தால் தரை ஜாலி வழியே சாக்கடை நாற்றம் தாங்க முடிவதில்லை. சாதாரண நகானி டிராப் (தரை ஜாலிக்கு அடியில், தண்ணீரைத் தேக்கி நாற்றத்தைத் தடுக்கும் அமைப்பு) போதும் என்கிறார் பிளம்பர். தண்ணீரே தேவைப்படாத புது வகையை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். மாடித் தளம் பள்ளமாக வார்க்கப்படவில்லை, கீழேயும் குளியலறைதான். எதை வாங்குவது?

பதில்: குழாயில் இருக்கும் நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுப்பது டிராப்பின் பிளாஸ்டிக்கோ ஸ்டீலோ அல்ல, அதன் வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான். அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கலைஞர் 1775-இல் கழிப்பறை வளைகுழாய்க்குக் காப்புரிமை பெற்றபோது பயன்படுத்திய தத்துவம் இதுதான். இன்று நீங்கள் வாங்கப்போகும் கமோடும் இதே முறையில்தான் இயங்குகிறது. எனவே எந்த டிராப்பைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, அதில் எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்பதே. தரை டிராப்புக்கு அது 50 மி.மீ., அதாவது இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

உங்கள் வீட்டில் கோடையில் மட்டும் நாற்றம் வருவதால், தண்ணீர் வற்றிப்போவதே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். முப்பது ஆண்டுகளுக்கு முன் பல வீடுகளில் வைத்தது, கிண்ணத்தின் மேல் ஒரு கோப்பையைக் கவிழ்த்து மூடிய ஆழமில்லாத வகை. அதில் நிற்கும் கொஞ்சத் தண்ணீர் சேலத்துச் சித்திரை வெயிலில் சில நாள்களில் காய்ந்துவிடும். போதாக்குறைக்கு, முடி அடைக்கிறது என்று யாராவது அந்தக் கோப்பையைக் கழற்றி வைத்திருந்தால், அங்கே டிராப் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. ஜாலியைத் தூக்கி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நாற்றம் நின்று சில நாள் கழித்துத் திரும்பினால் ஆழம் போதவில்லை என்று பொருள். ஊற்றியும் நாற்றம் நிற்கவில்லை என்றால் கோப்பை இல்லை, அல்லது டிராப்புக்கும் தரைக்கும் இடையே விரிசல் இருக்கிறது.

கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நகானி டிராப் என்ற ஒரே பெயரில் உயரம் குறைந்ததும் உண்டு, ஆழமானதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. டிராப்பை மேசை மேல் நேராக வைத்து, வெளிவாய் வழியே தண்ணீர் வழியத் தொடங்கும் வரை ஊற்றச் சொல்லுங்கள். பிறகு ஸ்கேலை உள்ளே விட்டு, நிற்கும் தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து நடுத் தடுப்பின் கீழ் விளிம்பு வரை அளந்தால், அந்த இடைவெளிதான் உண்மையான ஆழம். அடித்தளம் வரை அளந்து காட்டினால் ஏற்க வேண்டாம்; தடுப்பின் விளிம்புக்குக் கீழே இருக்கும் தண்ணீர் காற்றைத் தடுக்காது.

தண்ணீர் தேவைப்படாத வகையில், சிலிகோன் இதழோ காந்த மூடியோ தண்ணீர் போகும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்கிறது. புதிதாக இருக்கும்போது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒரு முடி இதழின் நடுவே சிக்கினாலே மூடல் போய்விடும். உங்கள் வீட்டுக்கு வருவது போர் தண்ணீர் என்றால், பக்கெட்டின் உட்புறத்தில் ஏறும் அதே வெள்ளைப் படிவு இதழின் விளிம்பிலும் ஏறும். கரப்பான் பூச்சி வராமல் இருக்க, ஆழமான டிராப்பின் மேல் கூடுதலாக இதை வைத்துக்கொள்ளலாம். டிராப்புக்குப் பதிலாக வைக்க வேண்டாம்.

அடுத்து இடப் பிரச்சினை. தளம் பள்ளமாக இல்லாததால் ஆழமான டிராப்பைத் தரைக்குள் புதைக்க முடியாது. தரையையே அரை அடி உயர்த்துவது பலர் சொல்லும் வழி. வயதானவர் ஈரக் காலோடு ஏறி இறங்க வேண்டிய படியை வாசலில் உண்டாக்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கீழேயும் குளியலறை இருப்பது உங்களுக்கு நல்வாய்ப்பு: தளத்தில் கோர் கட்டிங் மெஷினால் ஒரு துளையிட்டு, டிராப்பைத் தளத்துக்கு அடியில் தொங்கவிட்டு, 75 மி.மீ. குழாயை வாட்டத்தோடு வெளிச்சுவருக்குக் கொண்டுபோய், கீழ்க் குளியலறைக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிடலாம். அந்த சீலிங்கில் டிராப்புக்கு நேர் கீழே கழற்றக்கூடிய ஒரு பலகை இருக்கட்டும். பீமில் எந்தக் காரணத்தைக் கொண்டும் துளையிட விடாதீர்கள். குழாயைச் சுற்றிய இடைவெளியை வெறும் சிமெண்ட் பாலால் நிரப்பாமல், சுருங்காத கிரவுட் போட்டு, அதன் மேல் வாட்டர்புரூஃபிங் பூசச் செய்யுங்கள். டிராப்பை ரசமட்டம் வைத்து நேராகப் பொருத்த வேண்டும். சாய்ந்து போனால் இரண்டு அங்குலம் என்று வாங்கியது ஒன்றரையாகிவிடும்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், கமோடு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. இந்தியன் டாய்லெட்டின் பீங்கானில் தண்ணீர்த் தடுப்பு கிடையாது; அதற்கான டிராப் மேடைக்குள் தனியாகப் புதைந்திருக்கும். வெஸ்டர்ன் கமோடில் டிராப் உள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. மேடையை அப்படியே விட்டு, பழைய டிராப்பின் வாயிலேயே எஸ் டிராப் கமோடை (கழிவு நேராகத் தரை வழியே இறங்கும் வகையை) உட்கார வைத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பதால் சிலர் அப்படிச் செய்துவிடுகிறார்கள். அப்போது இரண்டு தண்ணீர்த் தடுப்புகளுக்கு நடுவே காற்று மாட்டிக்கொள்கிறது. ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் தயங்கி மேலே ஏறி, மெதுவாக இறங்கும், கழிவும் பழைய வளைவில் தங்கி அடிக்கடி அடைத்துக்கொள்ளும். ஆகவே மேடையையும் அதற்குள் இருக்கும் டிராப்பையும் முழுவதுமாக உடைத்து எடுக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அந்தப் படியும் இல்லாமல் போகும்.

மேடை போன பிறகு, வெளிச்சுவர் வழியே கழிவு போகும் பி டிராப் கமோடுதான் உங்களுக்குப் பொருந்தும். அதற்குத் தளத்தை உடைக்க வேண்டியதில்லை. பொதுவாக அதன் வெளிவாயின் மையம் முடிந்த தரையிலிருந்து சுமார் 180 மி.மீ. உயரத்தில் இருக்கும். ‘முடிந்த தரை’ என்பது புது டைல்ஸ் ஒட்டிய பிறகு உள்ள மட்டம். பழைய தரைக்கு அளந்து சுவரில் துளையிட்டால் டைல்ஸும் கலவையும் ஏறியதும் அளவு தவறிவிடும். கமோடை முதலில் வாங்கி, அதையே அளந்து துளையிடுவது நல்லது.

வாஷ்பேசினுக்கு, அடியில் பொருத்தும் புட்டி வடிவ பாட்டில் டிராப் போதும். சுருள் ஹோஸை வளைத்துக் கட்டி அதையே டிராப் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த வளைவு நாளடைவில் தொங்கி நேராகிவிடும். பேசின் தண்ணீரைப் பக்கவாய் உள்ள மல்டி ஃப்ளோர் டிராப்புக்குள் விடுவது சிறந்த ஏற்பாடு. யாரும் குளிக்காத நாளிலும் கை கழுவும் தண்ணீர் தரை டிராப்பை நிரப்பிக்கொண்டே இருக்கும். மேலே ஜாலி திறந்திருப்பதால், கமோடில் சொன்ன காற்று மாட்டும் தொல்லை இங்கே இல்லை. ஏற்காட்டில் வீடு வைத்திருந்து எப்போதாவது போய் வருபவர்களுக்கு இந்த ஏற்பாடும் கைகொடுக்காது. பூட்டிக் கிளம்பும் நாளில் ஒவ்வொரு டிராப்பிலும் தண்ணீரை நிரப்பி, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றிவிட்டால் ஆவியாவது வெகுவாகக் குறையும்.

குளியல் நீரையும் கமோடு கழிவையும் ஒரே குழாயில் சேர்த்துவிடலாம் என்று பிளம்பர் சொன்னால், அந்தக் குழாயின் மேல்முனை மொட்டைமாடிக்கு மேலே, தலைக்கு உயர்ந்து திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மூடியிருந்தால், ஃப்ளஷ் தண்ணீர் விழும் வேகத்தில் தரை டிராப்பின் தண்ணீர் உறிஞ்சப்பட்டு, ஆழமான டிராப்பும் காலியாகிவிடலாம். தனித்தனியாக விடுவதானால், குளியல் நீர்க் குழாய் கீழே கல்லி டிராப்பில் (வீட்டுக்கு வெளியே, சாக்கடைக்கு முன் தரையில் வைக்கும் டிராப்) விழுகிறதா என்பதைப் பாருங்கள். நேராகச் சாக்கடைச் சேம்பருக்குள் போயிருந்தால் இப்போதே ஒரு கல்லி டிராப்பைச் சேர்த்துவிடுங்கள்.

டைல்ஸ் ஒட்டும் முன், வாட்டர்புரூஃபிங் காய்ந்ததும் டிராப்பின் வாயை அடைத்து, தரையில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி, கீழ்க் குளியலறையின் கூரையில் கசிவு தெரிகிறதா என்று பாருங்கள். ஃபால்ஸ் சீலிங்கை அதற்குப் பிறகு போடலாம். கமோடு பொருத்தியதும், தரை டிராப்பின் நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, நான்கைந்து முறை தொடர்ந்து ஃப்ளஷ் செய்யுங்கள். ‘களக் களக்’ என்ற ஓசை கேட்டாலோ, நீர்மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கினாலோ, மொட்டைமாடிக்கு மேலே திறந்திருக்க வேண்டிய அந்தக் காற்றுக் குழாயைச் சரிசெய்யும் வரை மீதிக் கூலியை நிறுத்தி வையுங்கள்.