ஐந்து கிலோவோடு நின்றுபோன எடை

கேள்வி: எனக்கு வயது 38. உயரம் 155 செ.மீ. பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. பொங்கல் முடிந்து ரத்தப் பரிசோதனை செய்தபோது எனக்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 6.1 என்று வந்தது. எடை 74 கிலோ. பயந்துபோய் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். காலையில் தேன் கலந்த வெந்நீர், மதியம் கொள்ளு ரசம், தினமும் ஒரு மணி நேரம் நடை. இரண்டே மாதத்தில் 69 கிலோவுக்கு வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாதமாக 100 கிராம்கூட இறங்கவில்லை. பழைய ப்ளவுஸ்களைத் தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்ததோடு சரி. வெறுத்துப்போய் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இப்போது 70.5 கிலோ. நாத்தனார் வேறு ‘இளைச்ச மாதிரியே தெரியலையே’ என்கிறார். மறுபடி தொடங்க மனமே வரவில்லை. ஊசி போட்டால் குறையுமாமே, போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: ‘தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்ததோடு சரி’ என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டதே அந்த வரிதான். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு கணக்கு.

74 கிலோவில் 5 கிலோ என்றால் கிட்டத்தட்ட 7 சதவீதம். உங்களைப் போலச் சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி, 2002இல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்று உண்டு. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது, இவைதான் அதில் வைத்த இலக்கு. அப்படிப் பழகிய குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. நீங்கள் தோற்றுப்போனதாக நினைத்துக் கைவிட்டீர்களே, அந்த 69 கிலோ கிட்டத்தட்ட அவர்கள் வைத்த எல்லைக்கோடு.

நம் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆய்வு இதைவிட உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். 531 பேரை ஏறக்குறைய மூன்று ஆண்டு கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் அரை மணி நேரம் நடக்கவும், சர்க்கரை, மாவு, எண்ணெய் ஆகியவற்றைக் குறைக்கவும் பழகிய குழுவில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அந்தக் குழுவின் எடை பெரிதாகக் குறையவில்லை! நடையும் சாப்பாட்டு மாற்றமும் எடை மெஷினுக்குத் தெரியாமலே உள்ளே வேலை செய்திருக்கின்றன. அந்த இரண்டு மாதமும் உங்கள் உடம்பிலும் அந்த வேலை நடந்திருக்கும். நடையை விட்டதில் எனக்கு வருத்தம் அதனால்தான்.

சரி, எடை ஏன் நின்றது? முதல் சில வாரங்களில் இறங்கியதில் நல்ல பங்கு தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து, தன் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் இரண்டும் சேர்ந்து கரையும், எடை மளமளவென்று இறங்கும். அது முடிந்ததும் கொழுப்பின் முறை. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி; அது மெதுவாகத்தான் போகும். அதோடு 69 கிலோ உடம்புக்கு 74 கிலோ உடம்பைவிடச் செலவும் குறைவு. எடை குறையும்போது பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன் குறையும். பஞ்சம் வந்துவிட்டது என்று எண்ணி உடம்பு சிக்கனம் பிடிக்கிறது. எடை குறைக்கும் எல்லோருக்கும் இந்தக் கட்டம் வரும். வைராக்கியம் இல்லாதவர்களுக்கு மட்டும் வருவதில்லை.

இரவுப் பட்டினியைப் பற்றி நீங்கள் எழுதாத ஒன்றை நானே ஊகிக்கிறேன். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த அரைத் தோசை, பத்தரை மணிக்கு டப்பாவிலிருந்து ஒரு கை மிக்சர், அப்புறம் ஒரு குற்ற உணர்வு. சரிதானே? 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே ஆகிவிட்டார்கள். சிலர் சமையல் புத்தகங்களை எடுத்துவைத்துப் படிக்கத் தொடங்கினார்கள். பட்டினி கிடந்தால் யாருக்கும் புத்தி அப்படித்தான் போகும். அதனால் இன்று முதல் ஏழரை, எட்டு மணிக்கு உட்கார்ந்து சாப்பிடுங்கள். இரண்டு இட்லி, நிறையச் சாம்பார், ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ. தேன் வெந்நீரை விட்டுவிடுங்கள். தேன் கொழுப்பைக் கரைக்காது. ஒரு மேசைக்கரண்டியில் 60 கலோரியைச் சேர்க்கும், அவ்வளவுதான். கொள்ளு நல்ல பயறு. ஆனால் ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பதை நம்பி ரசமாக வடித்துக் குடிப்பதைவிட, சுண்டலாகச் சாப்பிட்டால் வயிறாவது நிறையும்.

இப்போது ப்ளவுஸ் விஷயம். எங்கள் கிளினிக்கில் எடை மெஷின் வாசலை ஒட்டி இருக்கிறது. ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றுவார்கள், செல்போனையும் சாவியையும் மேசையில் வைப்பார்கள். ஒரு அம்மா ‘டாக்டர், வளையலைக் கழட்டட்டுமா?’ என்று கேட்டார். ஏறி நின்றதும் மூச்சை வேறு பிடித்துக்கொண்டார். இவ்வளவு மரியாதைக்கு அந்த மெஷின் தகுதியானதில்லை. முந்தின நாள் ஊறுகாய், அப்பளம் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தாலும், மாதவிடாய் நெருங்கினாலும், மலச்சிக்கல் இருந்தாலும் அது ஒரு கிலோ கூட்டிக் காட்டும். கொழுப்பா, தண்ணீரா, தசையா என்று அதற்குத் தெரியாது. தையற்காரரின் டேப்புக்கு ஓரளவு தெரியும். எடை அசையாமல் ப்ளவுஸ் தளர்ந்தால் உங்கள் உடம்பின் சுற்றளவு குறைகிறது என்று அர்த்தம். நம் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. மாதம் ஒருமுறை, தொப்புள் மட்டத்தில், வயிற்றை எக்காமல் அளந்து எழுதிவையுங்கள். மெஷினில் ஏறியே தீரவேண்டும் என்றால் வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை, கழிவறை போய்வந்த பிறகு போதும்.

மனம் வரவில்லை என்கிறீர்கள். வரும் வரை காத்திருக்க வேண்டாம். பல் தேய்க்க யாருக்கு உற்சாகம் வருகிறது? ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் பழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்து, 2010இல் எழுதினார்கள். சராசரியாக 66 நாள். சிலருக்கு 18 நாளில் ஒட்டிக்கொண்டது. சிலருக்கு 250 நாளுக்கு மேல் ஆகும் என்று கணக்கு காட்டியது. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய நஷ்டமில்லை என்பதும் தெரிந்தது.

அதனால் ஒரு மணி நேர நடையில் மறுபடி தொடங்காதீர்கள். பரீட்சைத் தாள் திருத்தும் வாரத்திலும், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும் நாளிலும் செய்ய முடிகிற அளவு எதுவோ அதுதான் உங்கள் அளவு. பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம். பள்ளியிலிருந்து வந்து பையை வைத்ததும், காபி போடுவதற்கு முன், மொட்டை மாடியில். இடமும் நேரமும் தினம் ஒன்றாக இருக்கட்டும். முடிந்த நாளில் அரை மணியாக நீட்டிக்கொள்ளுங்கள். காலண்டரில் ஒரு கோடு போடுங்கள்; கிலோவை அதில் எழுத வேண்டாம்.

மனஉறுதியே அதிகம் கேட்காத ஒன்றும் சொல்கிறேன். ஒரு லிட்டர் எண்ணெயில் 8,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. மளிகைச் சீட்டு எழுதும்போது மாதம் ஒரு லிட்டர் குறைத்து எழுதுங்கள். நான்கு பேர் வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 70 கலோரிதான் மிச்சம், சின்னத் தொகைதான். ஆனால் இதற்கு மாதத்தில் ஒரு நாள் உறுதியாக இருந்தால் போதும். பாட்டில் தீர்ந்தால் பக்கத்துக் கடைக்குப் பிள்ளையை அனுப்பக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

நாத்தனாருக்குப் பதில் சொல்லி ஜெயிக்க முடியாது. ‘சுகர் வராம இருக்கத்தான் நடக்கிறேன், நீங்களும் வாங்களேன் அண்ணி’ என்று கூப்பிட்டுப் பாருங்கள். ஒன்று கூட வருவார், இல்லை பேச்சை மாற்றுவார். இரண்டும் லாபம்.

ஊசிக்கு வருவோம். செமாகுளுடைட், டிர்செப்படைட் ஊசிகள் எடையை நன்றாகவே குறைக்கின்றன. ஏமாற்று வேலை இல்லை. ஆனால் நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி பலருக்குத் திரும்பி வருகிறது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரலாம். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ, கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தாலோ போடக் கூடாது. தோழி போட்டுக்கொண்டார் என்று கடையில் வாங்கிப் போடும் மருந்து இல்லை. உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு, இப்போது 29. அந்த ஊசி உங்களுக்கு வேண்டுமா என்பதை நேரில் பரிசோதிக்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவரிடம் போகும்போது தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் பரிசோதனையும் செய்துவிடுங்கள். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறதா, குறட்டை இருக்கிறதா, ஸ்டீராய்டு அல்லது மனநல மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நடையில் மட்டும் இல்லாமல் பாடம் நடத்துவது, பிள்ளைகள், பிடித்த டிவி நிகழ்ச்சி என்று எதிலுமே இரண்டு வாரத்துக்கு மேல் பிடிப்பில்லாமல் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; அதற்குச் சிகிச்சை உண்டு.

மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பார்த்துவிட்டு எழுதுங்கள். இடுப்பளவையும் சேர்த்து எழுதுங்கள். பிடித்துத் தைத்த அந்த ப்ளவுஸின் தையலைப் பிரிக்க வேண்டியிருந்ததா என்பதையும்.