டொமைன் பதியும்போது வீட்டு விலாசத்தை மறைப்பது எப்படி?

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறீர்கள். உங்கள் இணையத்தளத்துக்கு டொட் கொம் பெயர் (டொமைன்) பதியப் போனால் வீட்டு விலாசம், கைபேசி இலக்கம் எல்லாம் கேட்கிறது, பொய்யாக ஏதாவது போடலாமா என்கிறீர்கள். வேண்டாம். விவரம் சரிதானா என்று பதிவு நிறுவனம் கேட்டு, 15 நாளுக்குள் நீங்கள் பதில் தராவிட்டால் பெயரையே முடக்கலாம். இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் உலக அமைப்பான ஐகேனின் விதி அப்படி.

2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வருமுன், ஒரு பெயரைப் பதிந்தவர் யார் என்று காட்டும் ஹூஇஸ் தேடலில் எல்லாமே அப்பட்டமாகத் தெரியும். அந்தக் காலத்தில் நான் ஒரு பெயர் பதிந்தேன். மறுநாள் காலை தேநீர்கூடக் குடித்து முடிக்கவில்லை, லோகோ செய்து தரவா என்று வெளிநாட்டு அழைப்பு!

இப்போது பல பதிவு நிறுவனங்கள் தாமாகவே மறைத்துவிடுகின்றன. நாடு ‘எல்கே’ (இலங்கை) என்பதும் மாகாணமும் தெரியும். ஆனாலும் ‘பிரைவசி’ என்ற தெரிவு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் விலாசத்துக்குப் பதில் அவர்களுடையதும், ஒரு மாற்று மின்னஞ்சலும்தான் வெளியே தெரியும். இதை இலவசமாகத் தருபவர்கள் இருக்கிறார்கள், காசு கேட்டால் வேறு இடம் பாருங்கள். டொட் யூஎஸ் போன்ற சில பெயர்களுக்கு இந்த வசதி கிடையாது.

அப்புறம், பதிவுக்கென்றே தனி மின்னஞ்சல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் நினைவூட்டல் அதற்குத்தான் வரும், அடிக்கடி திறந்து பாருங்கள்.