கேமரன் வேக்: 100.5 சாக்கா, 139.5 சாக்கா?

அமெரிக்கக் கால்பந்து வீரர் கேமரன் வேக்கின் சாக் கணக்கு ஓரிடத்தில் 100.5, இன்னோரிடத்தில் 139.5 என்று இருக்கிறதே, கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கை, அவர் எறியும் முன்பே வீழ்த்துவதுதான் சாக்.) இரண்டுமே சரி. 100.5 என்பது அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் கணக்கு மட்டும், 139.5 என்பது கனடா லீக்கையும் சேர்த்த கூட்டுத்தொகை.

இரண்டுக்கும் நடுவில் வித்தியாசமாக வரும் அந்த 39, கனடா லீக்கின் பிசி லயன்ஸ் அணிக்காக அவர் எடுத்தவை: 2007இல் 16, 2008இல் 23. இரண்டு ஆண்டும் லீக்கின் தலைசிறந்த தற்காப்பு வீரர் விருது அவருக்குத்தான். என்எஃப்எல் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2005 டிராஃப்ட்டில் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத ஒருவர் அப்படி எழுந்து வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் என்எஃப்எல் அணியான மயாமி டால்ஃபின்ஸ் 2009இல் அவரைச் சேர்த்துக்கொண்டது.

உங்களிடம் உள்ள ஆண்டுவாரி சாக் பட்டியலில் 2009 முதல் 2019 வரை மட்டும் கூட்டிப் பாருங்கள். மயாமிக்கு 98, டென்னசி டைட்டன்ஸுக்கு 2.5 வர வேண்டும். அரை எண் பிழையல்ல. இருவர் சேர்ந்து குவார்ட்டர்பேக்கை வீழ்த்தினால் ஆளுக்கு அரை சாக். பிளேஆஃப் (வழக்கமான சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட்) ஆட்டங்களைச் சேர்த்துவிடாதீர்கள், அவை தனிக் கணக்கு.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: 139.5ஐ என்எஃப்எல் சாதனைகளோடு நேராக ஒப்பிட வேண்டாம். அங்கே விதிகள் வேறு: கனடாவில் மூன்றே டவுன் (பந்தை முன்னேற்றும் வாய்ப்பு), அணிக்கு 12 பேர், தற்காப்பு வரிசை பந்திலிருந்து ஒரு கெஜம் தள்ளித்தான் நிற்க வேண்டும். கட்டுரையில் இரண்டு எண்களையும் தனித்தனியாகவே எழுதுங்கள்.