ஹுட்ஸ்பா, ஷ்லெப், ஷ்மக்: அலுவலகத்தில் எதைச் சொல்லலாம்?

கேள்வி: நியூயார்க்கில் இருக்கும் குழுவோடு தினமும் பேசும் வேலை எனக்கு. ஹுட்ஸ்பா, ஷ்லெப், மென்ஷ், மாஸல் டோவ் என்றெல்லாம் சரளமாகச் சொல்கிறார்கள். இவை எந்த மொழிச் சொற்கள்? எப்படி உச்சரிப்பது? நானும் பயன்படுத்தினால் தவறாகிவிடுமா?

பதில்: நீங்கள் குறிப்பிட்ட நான்கும் இத்திஷ் மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. இத்திஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழி. இடைக்கால ஜெர்மனை அடித்தளமாகக் கொண்டு, எபிரேயமும் ஸ்லாவிய மொழிகளும் கலந்து உருவானது. எழுதுவது எபிரேய எழுத்தில். 1881 முதல் 1924 வரை சுமார் 20 லட்சம் யூதர்கள் அமெரிக்காவில் குடியேறினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் நியூயார்க்கிலேயே தங்கியதால் கடைத்தெருவிலும் நாடக மேடையிலும், பிறகு தொலைக்காட்சி நகைச்சுவையிலும் இந்தச் சொற்கள் பரவின.

இத்திஷைத் தொடாமல் எபிரேயத்திலிருந்து வந்தவை வேறு வகை. அவை விவிலியத்தோடு கிரேக்கம், லத்தீன் வழியாகப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆங்கிலத்தில் சேர்ந்துவிட்டன: ஆமென், அல்லேலூயா, மேசியா, ஜூபிலி. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இவை பழகியவைதான். அலுவலகத்தில் எடுக்கும் ‘சபாட்டிகல்’ விடுப்பும் இந்த வகையே. ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விட வேண்டும் என்ற யூதச் சட்டம் அதன் பின்னணி. இந்த வகையை எங்கும் தயங்காமல் சொல்லலாம். பன்மையில் மட்டும் கவனம் தேவை. எபிரேயத்தில் ‘-இம்’ என்பதே பன்மை விகுதி. ‘செருபிம்’ (வானதூதர்கள்) என்றாலே பலர். 1611-இல் வந்த ஆங்கில விவிலியம் அதன்மேல் இன்னொரு ‘ஸ்’ சேர்த்தது. தமிழிலும் ‘கேருபீன்கள்’ என்று அப்படித்தான் நடந்திருக்கிறது.

சிக்கல் இத்திஷ் வகையில்தான். அகராதி தரும் பொருள் மட்டும் போதாது. சொல்பவரின் தொனியும் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும்.

‘மென்ஷ்’ பாதுகாப்பானது. நேர்மையும் பண்பும் உள்ளவர் என்று பொருள், பெண்களுக்கும் சொல்லலாம். ‘ஷ்லெப்’ என்றால் பாரத்தை இழுத்துப் பறித்துக்கொண்டு போவது, அல்லது அலுப்பூட்டும் பயணம். பேச்சில் தாராளமாகச் சொல்லலாம், ஒப்பந்தக் கடிதத்தில் வேண்டாம். ‘ஹுட்ஸ்பா’ இருமுனைக் கத்தி. இத்திஷில் அது வெட்கங்கெட்ட துணிச்சல். அமெரிக்க ஆங்கிலத்தில் பாராட்டாகவும் மாறியிருக்கிறது. அதனால் எதிரே இருப்பவரைப் பார்த்துச் சொன்னால் புகழ்ந்தீர்களா திட்டினீர்களா என்று அவருக்கே குழப்பம் வரும். மூன்றாம் மனிதரைப் பற்றி, சூழல் தெளிவாக இருக்கும்போது மட்டும் சொல்லுங்கள்.

‘மாஸல் டோவ்’ விஷயத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சொல்லுக்குச் சொல் ‘நல்ல ராசி’ என்று பொருள் தருவதால், தேர்வுக்கோ நேர்காணலுக்கோ போகிறவரிடம் சொல்லிவிடுகிறார்கள். அது நல்ல காரியம் நடந்து முடிந்த பிறகு சொல்லும் வாழ்த்து: குழந்தை பிறந்தால், திருமணம் முடிந்தால், பதவி உயர்வு கிடைத்தால். உங்களிடம் யாராவது சொன்னால் ‘தேங்க் யூ’ போதும்.

தொடவே கூடாதவை சில உண்டு. ‘ஷ்மக்’, ‘புட்ஸ்’ இரண்டும் ஆணுறுப்பைக் குறிக்கும் கெட்ட வார்த்தைகள். முன்னது இன்று ‘முட்டாள்’ என்ற அளவுக்கு நீர்த்துப் போயிருந்தாலும், இத்திஷ் புழங்கிய வீட்டில் வளர்ந்தவர் காதில் இன்னமும் ஆபாசமாகவே விழும். யூதரல்லாத பெண்ணைக் குறிக்கும் ‘ஷிக்ஸா’வின் வேர், ‘அருவருப்பு’ எனப் பொருள்படும் எபிரேயச் சொல், வேடிக்கைக்கும் வேண்டாம்.

உச்சரிப்புக்கு வருவோம். ‘ஹுட்ஸ்பா’வின் தொடக்க எழுத்துகள் ‘சி, எச்’ என்பதைப் பார்த்து ‘சட்ஸ்பா’ என்று படித்துவிடாதீர்கள். தொண்டையிலிருந்து உரசி வரும் ‘ஹ’ அது. சாதாரண ‘ஹ’ போட்டாலும் அகராதிகள் ஏற்கின்றன. அழுத்தம் முதல் அசையில். ‘ஷ்லெப்’ ஒரே அசை. நடுவில் உயிர் சேர்த்து ‘ஷெலப்’ என்று இழுத்தால் அவர்களுக்குப் புரியாது. எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறும், ஏனென்றால் எபிரேய எழுத்தில் இருந்ததைக் காதால் கேட்டு ரோமன் எழுத்தில் எழுதியவை இவை. ஏதாவது ஓர் அமெரிக்க அகராதி முதலில் தரும் வடிவத்தையே கடைப்பிடியுங்கள்.

உங்கள் குழுவினர் ‘டெட்லைன், ஷ்மெட்லைன்’ என்று சொல்வதையும் கேட்டிருக்கலாம். முதல் உயிரொலிக்கு முன்னால் உள்ள மெய்யை எடுத்துவிட்டு ‘ஷ்ம்’ வைப்பது இத்திஷ் தந்த வழக்கம். உயிரில் தொடங்கினால் முன்னால் சேர்த்தால் போதும்: ‘ஆப்பிள், ஷ்மாப்பிள்’. நம் ‘காபி கீபி’ போலத் தோன்றினாலும் பொருள் வேறு. ‘காபி கீபி குடிக்கிறீங்களா’ என்று விருந்தாளியை உபசரிக்கலாம். ‘ஷ்ம்’ வைத்தாலோ, அந்தப் பொருளை நீங்கள் மதிக்கவில்லை என்றே அர்த்தம். மேலாளரிடம் ‘டெட்லைன், ஷ்மெட்லைன்’ என்றால் கெடு எனக்கு ஒரு பொருட்டல்ல என்று சொன்னதாகிவிடும்.

இன்னொன்று: ‘ஷ’ ஒலியைக் கேட்டதும் இத்திஷ் என்று முடிவுகட்டாதீர்கள். ‘ஷாடன்ஃப்ராய்ட’ (பிறர் துன்பத்தில் மகிழ்வது), ‘ஷ்னிட்ஸல்’ (பொரித்த இறைச்சித் துண்டு) இரண்டும் ஜெர்மன். ஒலியியலில் அழுத்தமில்லாத மங்கலான உயிரொலியைக் குறிக்கும் ‘ஷ்வா’வோ எபிரேய உயிர்க்குறியின் பெயர், ஜெர்மன் எழுத்துக்கூட்டலோடு ஆங்கிலத்துக்கு வந்தது. மென்பொருள்காரர்கள் நாள் முழுக்கச் சொல்லும் ‘கிளிட்ச்’ (திடீர்க் கோளாறு), வழுக்குவதைக் குறிக்கும் இத்திஷ் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்றுதான் அகராதிகள் சொல்கின்றன, உறுதி இல்லை. ஆனால் அதைச் சொல்ல யாரும் தயங்க வேண்டியதில்லை.