பெரிய மனுஷியும் சின்னப் பையனும்

அன்புள்ள ஐயா,

பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை படிக்கிறவர்களுக்கு ஒரு முகாம் வைக்கிறோம். அழைப்பிதழில் ‘விடலைப் பருவத்தினருக்கு’ என்று எழுதினேன். விடலை என்றால் வேலைவெட்டி இல்லாமல் ஊர் சுற்றுகிறவன், மாற்றுங்கள் என்கிறார் எங்கள் தமிழ் சார். ‘வளரிளம் பருவத்தினர்’ என்று மாற்றினால் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். எதைப் போடுவது?

அன்புள்ள டீச்சர்,

உங்கள் தமிழ் சார் சொல்வது இன்றைக்குச் சரி. சங்கப் பாட்டில் காதலியை அழைத்துக்கொண்டு பாலை வழியில் நடக்கிறவன்தான் விடலை, காளை என்றும் அவனைச் சொல்வார்கள். இப்போது விடலைப் பசங்க என்றால் பஸ் ஸ்டாண்டில் பைக்கை முறுக்குகிறவர்கள். இன்னொரு சங்கடமும் இருக்கிறது, அந்தச் சொல்லில் பெண் பிள்ளைகளுக்கு இடமே இல்லை. மடந்தை போடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 14 முதல் 19 வயது வரை மடந்தை என்று உலாப் பாட்டுக்கான இலக்கணத்தில் கணக்கு இருப்பது உண்மைதான், ஆனால் அது வீதியில் பவனி வருகிற தலைவனைப் பார்த்து மயங்குவதற்காகப் போட்ட கணக்கு, ஐந்து வயதுப் பேதையிலிருந்தே ஆரம்பித்துவிடுகிறார்கள்.

‘வளரிளம்’ சுகாதார நிலையத்துச் சுவரில் எழுதுகிற சொல். சத்து மாத்திரை ஞாபகம் வந்தால் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வேறொன்றுதான் தோன்றியது. நம் ஊரில் இந்தச் சொற்களை வயதைப் பார்த்தா சொல்கிறோம்? தர்மபுரியில் நான் வழக்கமாகப் போகிற டீக்கடையில் முதலாளி ‘பையன்கிட்ட சொல்லுங்க’ என்பார், வந்து நிற்கிற பையனுக்கு மீசை நரைத்திருக்கும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி மகனுக்கு இருபது வயதுகூட இருக்காது, அவனை எல்லோரும் ‘தம்பி’ என்கிறார்கள், நானும் அப்படித்தான். லாரியில் கிளீனர் பையன் ஐம்பது வயதிலும் பையன்தான்.

வீட்டுக்குள் வந்தால் இது இன்னும் மோசம். எங்கள் தெருவில் ஒரு பெண் எட்டாவது படிக்கும்போது வயசுக்கு வந்தாள். சீர் செய்து பந்தல் பிரித்த மறுநாளிலிருந்து அவள் ‘பெரிய மனுஷி’. ஓடாதே, சிரிக்காதே, கடைக்குப் போகாதே. அதே வீட்டில் அவள் அண்ணனுக்கு இருபத்து மூன்று, ஊரெல்லாம் கடன் வாங்கி வைத்தான், அவன் அம்மா சொன்னது ‘சின்னப் பையன், விவரம் பத்தாது’. பதிமூன்று வயதுக்காரி பெரிய மனுஷி, இருபத்து மூன்று வயதுக்காரன் சின்னப் பையன். அந்த வீட்டில் மட்டுமா இப்படி?

நம் தர்மபுரி பக்கம் குழந்தைத் திருமணம் இன்னும் நிற்கவில்லை என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பெஞ்சில் ஒரு இடம் காலியாவதை முதலில் பார்ப்பதே நீங்கள்தான். 2006ஆம் வருடச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21, அதற்குக் கீழே எல்லோரும் ‘குழந்தை’. கல்யாணத்தை நிறுத்த வருகிற அதிகாரி பதினாறு வயதுப் பெண்ணைக் குழந்தை என்கிறார், அப்பா ‘பெரிய பொண்ணுங்க சார்’ என்கிறார். குழந்தை என்றால் அவளுக்கே கோபம் வரும், பெரிய பொண்ணு என்றால் தாலி வந்துவிடும். சட்டம் அவளைக் காப்பாற்றுகிற சொல்லைத்தான் வைத்திருக்கிறது, சரி, ஆனால் அவளுடைய வயதுக்கு நாம் வீட்டில் பேசுகிற பாஷையில் ஒரு சொல் இல்லையே என்பதுதான் என் குறை. அதியமானைப் பாடும்போது அவ்வையார் ஊர்ப் பொடிசுகளுக்குக்கூட ஒரு நல்ல சொல் வைத்திருந்தார், துறையில் படுத்திருக்கும் யானையின் தந்தத்தைக் கழுவுகிற ‘ஊர்க்குறுமாக்கள்’, புறநானூற்றில் 94ஆம் பாட்டு. அதியமானின் தகடூர்தான் நம் தர்மபுரி, ஆனால் அந்தச் சொல்லை இங்கே இப்போது யாரும் பேசுவதில்லை.

அழைப்பிதழுக்கு வருகிறேன். பருவமே வேண்டாம், ‘9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு’ என்று போடுங்கள். நம் பக்கம் ஸ்கூல் பிள்ளைங்க என்றால் ஆண், பெண் இரண்டு பேரும்தான், யாருக்கும் அதில் கோபம் வராது. தொல்காப்பியம் சொல்லும் இளமைப் பெயர்களில் பிள்ளை இருந்தாலும் அது மனிதருக்குச் சொன்னதில்லையே என்று தமிழ் சார் கேட்டால், இன்றைய பேச்சு இதுதான் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் மதியச் சாப்பாடு உண்டு என்றால் அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள், அவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.