டர்பன் வெக்கையில் கம்ப்யூட்டருக்கு எந்த கூலர்?

சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். ரைசன் 5 7600 ப்ராசஸர் போட்ட கம்ப்யூட்டர், கேம் ஆடினால் 95 டிகிரி தொடுகிறது. போன வருஷம் இப்படி இல்லை. பம்ப் வைத்துக் குழாயில் நீரை ஓட்டிக் குளிர்விக்கும் லிக்விட் கூலருக்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

அவசரப்படாதீர்கள். அது 65 வாட் என்று குறிக்கப்பட்ட ப்ராசஸர். முழு வேலை கொடுத்தாலும் 88 வாட்டுக்கு மேல் இழுக்காது. சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் நாலு ஹீட் பைப்பும் 120 மி.மீ. ஃபேனும் உள்ள, காற்றால் குளிர்விக்கும் டவர் கூலரே அதற்கு தாராளம். போன வருஷம் சரியாக இருந்தது என்கிறீர்கள், அப்படியானால் முதலில் பக்கப் பலகையைக் கழற்றிப் பாருங்கள். அண்மையில் நான் திறந்த ஒரு கம்ப்யூட்டர் சாமி விளக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. எண்ணெய்ப் புகையும் தூசும் கலந்து, ஃபேனுக்கும் கூலரின் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துணி மாதிரி படிந்திருந்தது. ஃபேனைக் கழற்றி, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்டையும் புதிதாகப் போட்டேன். சூடு மளமளவென்று இறங்கிவிட்டது.

லிக்விட் கூலரும் கடைசியில் சூட்டை உங்கள் அறைக் காற்றில்தான் கொட்டுகிறது. அறை 32 டிகிரி என்றால் அதற்குக் கீழே இந்த இரண்டு வகைக் கூலராலும் ப்ராசஸரை இறக்க முடியாது. இன்டெலின் ஐ9-14900கே போல 253 வாட் வரை போகிற ப்ராசஸர் வைத்திருந்தால் 360 மி.மீ. ரேடியேட்டர் (நீரின் சூட்டைக் காற்றில் விடும் தகட்டுப் பெட்டி) உள்ள லிக்விட் கூலர் வாங்குங்கள் என்று நானே சொல்வேன்.

கடலோரம், எப்போதும் பிசுபிசுப்பு. லிக்விட் கூலரின் குழாயில் நீர் வேர்க்குமா?

வேர்க்காது. ஃப்ரிஜ்ஜில் வைத்த பாட்டில் வேர்ப்பது அது அறையைவிடக் குளிர்ந்திருப்பதால். இந்தக் குழாயில் ஓடுவது எப்போதும் அறைக் காற்றைவிடச் சூடான நீர்.

ஜோஹன்னஸ்பர்குக்குக் குடிவந்தோம். இங்கே குளிர் அதிகம், ஆனால் ஃபேன் சத்தமும் அதிகமாகிவிட்டதே?

நீங்கள் இப்போது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் மேலே இருக்கிறீர்கள். காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். ஒரு சுற்றில் ஃபேன் தள்ளும் காற்றின் எடை குறைவதால், அதே சூட்டை வெளியேற்ற அது வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. ரேடியேட்டரைக் குளிர்விப்பதும் காற்றுதான் என்பதால் லிக்விட் கூலரும் இதிலிருந்து தப்பாது. கேஸின் (கம்ப்யூட்டர் பெட்டியின்) முன்பக்கம் இன்னொரு ஃபேன் சேருங்கள், போதும்.

நாலு வருஷ லிக்விட் கூலரில் களகளவென்று சத்தம். தண்ணீர் ஊற்றலாமா?

மூடி முத்திரையிட்ட வகை என்றால் ஊற்ற வழியில்லை. வருஷக்கணக்கில் ரப்பர் குழாய் வழியே நீர் துளித்துளியாக ஆவியாகி, அந்த இடத்தில் காற்று சேரும். ரேடியேட்டர் பம்புக்குக் கீழே இருந்தால் அந்தக் காற்று பம்புக்குள் போய் உட்காரும். ரேடியேட்டரைக் கழற்றி கேஸின் மேல்பக்கம் மாட்டுங்கள். குமிழ்கள் ரேடியேட்டருக்குள் ஏறிவிடும். அப்புறம், வேலை நடக்கும்போது இரண்டு குழாயையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று கொதித்து இன்னொன்று சில்லென்று இருந்தால் நீர் ஓடவில்லை, பம்ப் போய்விட்டது. அடுத்த முறை டவர் கூலராக வாங்கிவிடுங்கள். அதில் கெடக்கூடியது ஃபேன் ஒன்றுதான்.